படகு கவுந்தா மட்டும்தான் நியூஸா?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்ங்க,

கிரீஸ்ல இருக்கற அரபு ஜனங்கள பத்தி நம்ம பேப்பர்ல எப்ப வந்தாலும் படகு கவுந்துச்சு, முகாம் எரிஞ்சுச்சுன்னுதான் வருது. 2015ல மட்டும் 8.5 லட்சம் பேர் கடல் தாண்டி அங்க கரையேறினாங்க, பாதிக்கு மேல சிரியாக்காரங்க, அது பெரிய விஷயம்தான் இல்லங்கல. ஆனா அதுக்கு எத்தனையோ வருஷம் முன்னாடியே எகிப்துக்காரங்க அங்க போயி மீன்பிடி போட்ல வலை இழுக்கறாங்க, தெசலோனிகி பக்கம் நியா மிகானியோனான்னு ஒரு ஊர்ல குடும்பத்தோடவே இருக்காங்க, அத யாரும் எழுதறதில்ல. ஏதென்ஸ்ல அரசாங்கம் கட்டின மசூதி 2020 நவம்பர்லதான் தொறந்தாங்க, அதுவரைக்கும் தரைக்குக் கீழ இருக்கற ரூம்லயும் பழைய குடோன்லயும்தான் தொழுகை.

எனக்கு மனசுல நின்னது அந்தப் பசங்க விஷயம்தாங்க. வெளிநாட்டுல இருந்து வந்தவங்களுக்கு கிரீஸ்லயே பொறந்து படிக்கற பசங்களுக்கு குடியுரிமை தரலாம்னு 2010ல சட்டம் போட்டாங்க, 2013ல கோர்ட்டு செல்லாதுன்னு தள்ளிடுச்சு, விடாம 2015ல திருத்தி மறுபடி கொண்டாந்தாங்க. அப்பா அம்மாவுக்கு முறையான பேப்பர் இருக்கணும்னு கண்டிஷன் இருக்கு, அதனால நிறைய பேருக்குக் கெடைக்கல, இருந்தாலும் ஒரு வழின்னு இருக்குல்ல.

இங்க மேல்மொணவூர்ல இருக்கற இலங்கைத் தமிழர் முகாம்ல இருந்து ஒரு பொண்ணு என் பொண்ணு கூட படிச்சுது. பொறந்தது வேலூர்லதான், வாய தொறந்தா "இன்னா"ன்னுதான் வருது, இலங்கைய கண்ணால பாத்ததில்ல. ஒரு நாள் எங்க வீட்டுத் திண்ணையில ரெண்டும் உக்காந்து காலேஜ் ஃபாரம் எழுதுச்சுங்க, எந்த நாட்டு குடிமகன்னு கேக்கற கட்டம் வந்ததும் அந்தப் பொண்ணு பேனாவ மூடிட்டு என் மொகத்த பாத்துச்சு. எனக்கு என்ன சொல்றதுன்னே தெரியல. 1983ல இருந்து வந்தவங்களோட பேரப்புள்ளைங்க காலம் இது, 2019 குடியுரிமை திருத்தச் சட்டத்துலயும் இலங்கைத் தமிழர் இல்ல. 2021 நவம்பர்ல அப்ப முதல்வரா இருந்த ஸ்டாலின் அதே மேல்மொணவூருக்கு வந்து புது வீடுங்களுக்கு அடிக்கல் நாட்டினாரு, அன்னிக்கு எல்லா பேப்பர்லயும் போட்டோ வந்துச்சு, நல்ல காரியம்தான், ஆனா வீட்டுக்குள்ள இருக்கற புள்ளைக்கு அந்தக் கட்டத்துல எழுத ஒரு நாட்டுப் பேரு வேணும்ங்க.

தயவுசெஞ்சு கிரீஸ் சட்டத்தயும் நம்ம முகாம் பசங்களயும் பக்கத்துல பக்கத்துல வெச்சு ஒரு முழுப் பக்கம் எழுதுங்க. உங்க நிருபர அனுப்புனா நானே கூட்டிட்டுப் போறேன், வேலூர்ல இருந்து பஸ்ல அரை மணி நேரம் கூட ஆகாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
சத்துவாச்சாரி, வேலூர்