பல் பார்க்க முடியாத வேன்

அன்புள்ள அப்பாவுக்கு,

தங்கச்சி இதை வாசித்துக் காட்டும்போது அம்மாவையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள். இந்த மாதம் பணம் ஏன் குறைந்தது என்று அம்மா மூன்று தடவை கேட்டாயிற்று. போனில் சொன்னால் நீங்கள் "எவ்வளவுக்கு, எவ்வளவுக்கு" என்று விலையிலேயே நின்றுவிடுவீர்கள், அதனால் எழுதுகிறேன். வேன் வாங்கியிருக்கிறேன். பழைய வேன், ஏலத்தில்.

எதற்கு வேன் என்று கேட்பீர்கள். நிரந்தரமாகத் தங்கும் உரிமை வரும்வரை விசா கொடுத்த முதலாளியின் கிச்சன்தான் கதி, தனியாகத் தொழில் என்ற பேச்சே எடுக்க முடியாது. இப்போது முடியும். லண்டனில் நான் இருக்கும் ஈஸ்ட் ஹாமில் மாதத்துக்குப் பத்துப் பேர் ரூம் மாறுகிறார்கள், நம் ஊர்ப் பிள்ளைகள் படிக்க வந்து இறங்கும் செப்டம்பரில் கேட்கவே வேண்டாம். அவர்களுக்குக் கட்டிலும் பெட்டியும் ஏற்றி இறக்க ஒரு ஆள், ஒரு வண்டி போதும். ‘மேன் அண்ட் வேன்’ என்றே அந்த வேலைக்குப் பெயர். ஆறு மாதம் வாடகை வேனில் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்து பார்த்தேன், வந்ததில் பாதியை வாடகையே தின்றது. சீட்டு எடுத்தேன். (ஆமாம், இங்கேயும் நம் ஆட்கள் சீட்டுப் பிடிக்கிறார்கள். பிடிப்பவர் புதுக்கோட்டைக்காரர், நம்பிக்கையானவர், பயப்பட வேண்டாம்.)

இரண்டாயிரம் பவுண்டுக்கே வேன் கிடைக்கும், ஆனால் அது லண்டனுக்கு ஆகாது. 2023 ஆகஸ்ட் 29 முதல் லண்டன் நகரம் முழுவதும் புகைக்குக் கட்டணம். டீசல் வண்டி ‘யூரோ 6’ என்ற புகைத் தரத்தில் இல்லையென்றால் ரோட்டில் இறங்கும் ஒவ்வொரு நாளும் 12.50 பவுண்டு. மாதம் இருபத்தைந்து நாள் ஓட்டினால் முந்நூறுக்கு மேல் போய்விடும். வேன்களில் ஏறக்குறைய 2016 கடைசிக்குப் பிறகு வந்தவைதான் பெரும்பாலும் தேறும், அதனால் கடையில் அவற்றின் விலையைக் கேட்டாலே தலை சுற்றுகிறது. அதே வண்டி ஏலத்தில் குறையும், அதற்கு ஈடாகக் கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்ள வேண்டும். கண்ட நிலையில் விற்பனை, அவ்வளவுதான்.

முதல் சந்தைக்குப் பணம் கொண்டு போகாதே என்பீர்களே, அதனால் முதல் இரண்டு தடவை சும்மா வேடிக்கை பார்க்கத்தான் போனேன். மணப்பாறை மாட்டுச் சந்தை மாதிரித்தான் இருக்கிறது, சாணி வாசத்துக்குப் பதில் டீசல் வாசம். பெரிய மைதானத்தில் வரிசை வரிசையாக வண்டிகள், கண்ணாடியில் லாட் நம்பர் ஒட்டியிருக்கிறது, கையில் டார்ச் வைத்துக்கொண்டு ஆட்கள் அடியில் குனிந்து குனிந்து பார்க்கிறார்கள். ஆனால் விற்கிறவன் முகமே தெரியாது. மணப்பாறையில் மாட்டைப் பார்ப்பதைவிட மாட்டுக்காரனைத்தானே அதிகம் பார்ப்பீர்கள், அவன் எதைப் பேசாமல் மழுப்புகிறான் என்று? இங்கே அவன் எங்கோ ஒரு கம்பெனி, லீஸ் முடிந்து ஐம்பது வண்டியை ஒரேயடியாகத் தள்ளிவிட்டுப் போயிருக்கும். துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசத் தரகரும் கிடையாது. ஓட்டிப் பார்க்கவும் விட மாட்டார்கள்.

அப்புறம் எப்படித்தான் பார்ப்பது? மாட்டுக்குப் பல் பார்த்து வயது சொல்வீர்களே, அது மாதிரி இங்கேயும் பல் பார்க்க ஒரு வழி இருக்கிறது. இங்கே மூன்று வயதுக்கு மேற்பட்ட வண்டிக்கு வருஷம் ஒருமுறை எம்ஓடி என்ற சோதனை கட்டாயம். வண்டி நம்பரை அரசாங்கத்தின் இணையதளத்தில் போட்டால் ஒவ்வொரு வருஷமும் தேறியதா, எதில் தவறியது, எத்தனை மைல் ஓடியிருந்தது என்று எல்லாம் வந்துவிடும், காசு இல்லாமல். முதல் நாள் பளபளவென்று ஒரு வெள்ளை வேன் என் கண்ணை விட்டு அகலவில்லை. நம்பரைப் போட்டேன். ஒரு வருஷம் 1,18,000 மைல், அடுத்த வருஷம் 81,000. வயது குறைந்துகொண்டே போகிற மாடு! ஏலப் பட்டியலில் ‘மைலுக்கு உத்தரவாதம் இல்லை’ என்று பொடி எழுத்தில் போட்டிருந்தார்கள், அதையும் மீறி ஒருவர் எடுத்துக்கொண்டு போனார்.

மூன்றாவது தடவை பணத்தோடு போனேன். நான் குறித்து வைத்தது வாக்ஸ்ஹால் கம்பெனியின் விவாரோ என்ற வேன், நம்பர் தட்டிலேயே 17 என்று இருக்கும், அதாவது 2017 மார்ச்சுக்கும் ஆகஸ்டுக்கும் நடுவில் பதிவானது. 96,000 மைல், வருஷா வருஷம் ஒழுங்காக ஏறியிருந்தது. விபத்தில் அடிபட்டதா, கடன் பாக்கி இருக்கிறதா என்று தனியாகக் காசு கட்டிப் பார்த்தேன், இரண்டும் இல்லை. காலையில் முதல் ஆளாகப் போய் பானெட்டில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். சில்லென்று இருந்தது. சூடாக இருந்தால் முன்னாலேயே ஓடவிட்டிருக்கிறார்கள், குளிரில் ஸ்டார்ட் ஆகாத நோயை மறைக்கத்தான் என்று நண்பன் சொல்லியிருந்தான். இருபது பென்ஸ் காசை டயர் வரிப்பள்ளத்தில் செருகிப் பார்த்தேன், காசின் ஓரப்பட்டை வெளியே தெரியாவிட்டால் டயர் தேறும். மூன்றில் மறைந்தது, பின் இடதில் லேசாகத் தெரிந்தது. சரி, ஒரு டயர்தானே.

கணக்கு முக்கியம், கவனியுங்கள். என் எல்லை மொத்தம் ஐந்தாயிரம் பவுண்டு. இங்கே ஏலம் கூவுகிற விலை கடைசி விலை இல்லை. அதன் மேல் இருபது சதவீதம் வாட் வரி, அதற்கு மேல் ஏலக்கூடத்துக்கு வாங்குபவர் கட்டணம். அதனால் பின்னாலிருந்து கணக்குப் போட்டு 3,900 என்று உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். முதல் தடவை பக்கத்தில் நின்ற ருமேனியாக்காரர் இதை மறந்து எடுத்துவிட்டு, பில்லைப் பார்த்து வாய் பிளந்து நின்றதைப் பார்த்திருந்தேன்.

வண்டி கூடத்துக்குள் வந்து நிற்பது முப்பது, நாற்பது நொடிதான். அதற்குள் எஞ்சின் சத்தம் கேட்க வேண்டும், புகை பார்க்க வேண்டும், கையும் தூக்க வேண்டும். ஏலம் சொல்கிறவர் பேசுகிற வேகத்தில் எனக்குப் பாதி புரியவில்லை, எண்கள் மட்டும் புரிந்தன, அது போதும். 3,000, 3,200, 3,500. 3,700 நான். எதிரே தொப்பிக்காரர் தலையாட்டி நிறுத்திக்கொண்டார். சுத்தியல் விழுந்தது, ஆனால் ‘புரொவிஷனல்’ என்றார். விற்பவர் மனதில் வைத்திருந்த விலைக்குக் கொஞ்சம் குறைவு, கேட்டுச் சொல்கிறோம் என்று அர்த்தமாம். ஒரு மணி நேரம் காண்டீனில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், ஆறியே போய்விட்டது. பிறகு கூப்பிட்டு, 3,900 தந்தால் முடித்துக்கொள்கிறார்கள் என்றார்கள். உள்ளங்கையைப் பார்த்தேன். சரி என்றேன். வரி 780, கட்டணம் 310, ஆக 4,990. பத்துப் பவுண்டு மிச்சம்! இதை நம் ரூபாயில் மாற்றிப் பார்க்காதீர்கள், ஐந்து லட்சத்துக்கு மேல் வரும், உங்களுக்குத் தூக்கம் போய்விடும்.

பணம் கட்டினேன் என்று ஓட்டிக்கொண்டு வர முடியாது. ரோட்டு வரி வண்டியோடு சேர்ந்து வராது, வாங்கியவர் அவர் பெயரில் புதிதாகக் கட்ட வேண்டும். பதிவுப் புத்தகத்தின் பச்சைத் துண்டில் இருக்கும் பன்னிரண்டு இலக்க எண்ணைப் போட்டு அங்கேயே நின்று போனில் கட்டினேன். இன்சூரன்ஸ்தான் கையைச் சுட்டது. அடுத்தவர் சாமானைக் கூலிக்கு ஏற்றுவது என்றால் அதற்கென்று தனி வகை, சாதாரணமானதைப் போட்டு ஓட்டினால் இன்சூரன்ஸே இல்லாத மாதிரி. வருஷத்துக்கு 2,100, என் போன்ற புது ஆளுக்கு அப்படித்தானாம். அம்மாவுக்கு வர வேண்டிய பணம் போன இடம் இதுதான்.

வரும் வழியில் எம்1 மோட்டார்வேயில் மஞ்சள் விளக்கு ஒன்று எரிந்து, இன்னும் இத்தனை மைலுக்குப் பிறகு வண்டி ஸ்டார்ட் ஆகாது என்று எழுத்து வந்தது. நெஞ்சு அடைத்துவிட்டது எனக்கு. ஓரமாக ஒரு பெட்ரோல் பங்க் பார்த்து நிறுத்தி நண்பனுக்குப் போன் போட்டால் சிரிக்கிறான். ஆட்ப்ளூ தீர்ந்திருக்கிறது, பத்து லிட்டர் கேன் வாங்கி ஊற்று என்றான். அப்பா, அது வேறொன்றும் இல்லை, யூரியா கரைசல்! நாம் மூட்டை மூட்டையாக வயலில் போடுகிறோமே, அதே சரக்குதான், சுத்தத் தண்ணீரில் மூன்றில் ஒரு பங்கு கலந்தது. புகையில் இருக்கிற நச்சை அது முறிக்கிறதாம். நீல மூடி போட்ட தனி வாய் இருக்கிறது, அதில்தான் ஊற்ற வேண்டும், டீசல் டேங்கில் ஊற்றினால் தொலைந்தோம். மழையில் நின்று கேனைக் கவிழ்க்கும்போது, சொசைட்டியில் யூரியாவுக்கு வரிசையில் நின்ற நாளெல்லாம் ஞாபகம் வந்தது.

மற்றபடி குறை ஒன்றுதான், சாவி ஒன்றே ஒன்று, இன்னொன்று செய்ய 180 கேட்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஈஸ்ட் ஹாம் முருகன் கோவிலில் பூஜை போட்டு, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சை வைத்து ஏற்றியாயிற்று.

சீட்டு இன்னும் ஏழு மாதம் கட்ட வேண்டும், அதுவரை பணம் கொஞ்சம் முன்னே பின்னே வரும். மாப்பிள்ளை விலை கேட்டால் தெரியாது என்று சொல்லிவிடுங்கள். தங்கச்சி போனுக்குப் படம் அனுப்பியிருக்கிறேன், பெரிதாக்கிப் பாருங்கள். பக்கவாட்டில் பழைய கம்பெனியின் எழுத்தை உரித்தெடுத்திருக்கிறார்கள், ஆனால் எழுத்து இருந்த இடம் மட்டும் வெயில் படாமல் வெள்ளையாக நின்று, ‘பிளம்பிங்’ என்று இன்னும் வாசிக்க முடிகிறது. நேற்று எதிர்வீட்டுப் பாட்டி அதைப் பார்த்துவிட்டுக் கதவைத் தட்டி, சமையலறைக் குழாய் ஒழுகுகிறது, வந்து பார்க்கிறாயா என்று கேட்டார். நான் பிளம்பர் இல்லை என்று எடுத்துச் சொல்ல இங்கிலீஷ் தேடுவதற்குள் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். வாஷர்தான் போயிருந்தது, மாற்றிக் கொடுத்தேன். காசு வேண்டாம் என்றதற்கு ஒரு டப்பா பிஸ்கட் கொடுத்தார்.

அன்புடன்,
உங்கள் மகன்