முளையும் மலையும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மலைகளை முளைகள் என்கிறது திருக்குர்ஆனின் 78ஆம் அத்தியாயம். ஆட்டைக் கட்ட முளை அடித்தால் பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விடும், அதுதான் பிடிப்பு. இமயமலை போன்ற பெருமலைகளுக்கும் அடியில் வேர்போல ஆழமாக இறங்கிய பாறைப்பகுதி உண்டு என்று 1855இல் ஆங்கிலேய விஞ்ஞானி ஜார்ஜ் ஏரி விளக்கியதைப் படித்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது.

ஆனால், மலை இருந்தால் நிலநடுக்கம் வராது என்று சிலர் சேர்த்துச் சொல்கிறார்கள். அது சரியல்ல. இமயமலைப் பகுதியில்தானே அடிக்கடி பூமி அதிர்கிறது! வசனத்தை நேசிப்பவர்கள் இப்படிச் சொல்லலாமா?

மலையின் உட்பகுதியை நேரிலும் பார்க்கலாம். ஏற்காடு மலைப்பாதையில், சாலைக்காக வெட்டிய இடங்களில் நீலம் கலந்த சாம்பல் நிறத்தில் சார்னோகைட் பாறை தெரியும். உற்றுப் பார்த்தால் மணி மணியாக மினுங்கும். வயது சுமார் 250 கோடி ஆண்டுகள். மதரஸா பிள்ளைகளை ஒருநாள் புவியியல் ஆசிரியரோடு அங்கே கூட்டிப் போங்களேன்.

- ஒரு வாசகர், அஸ்தம்பட்டி, சேலம்