மாட்டுக் கொட்டகை அப்படியே குதிரை லாயம் ஆயிடாது

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்,

பால் மாடெல்லாம் போயி காலியா கெடக்குற பழைய கொட்டகைய குதிரை லாயமா மாத்திக்கலாம்னு உங்க பேப்பர்ல ஒரு கட்டுரை வந்துச்சு. ஐடியா தப்பில்ல, சுவரு இருக்கு கூரை இருக்கு தண்ணி லைன் இருக்கு எதுக்கு வீணாக்கணும்னு தோணுறது நியாயம்தான். ஆனா படிச்சு முடிச்சப்ப குறுக்க நாலு தடுப்பு வெச்சு பெயிண்ட் அடிச்சா வேலை முடிஞ்சுதுங்கற மாதிரி இருந்துச்சு, அதுக்காகத்தான் இத எழுதுறேன். நான் லாயம் கட்டுற வேலையில இருக்கறவன். மாட்டுக்கு கட்டுன எடம் மாட்டோட குணத்த வெச்சு கட்டுனது, கழுத்துல கட்டிப் போட்டா நிக்கும் படுக்கும் அசை போடும். குதிரை மிரண்டா தலைய தூக்கும், பின்னங்காலால ஒதைக்கும், ஓடப் பாக்கும், இது மூணுக்கும் அங்க எடம் இருக்காங்கறதுதான் கேள்வியே.

முதல்ல அண்ணாந்து பாருங்க. பழைய பால் கொட்டகையில நெறைய எடத்துல உள்கூரை 7 அடி 8 அடிதான் இருக்கும், மேல பரண் போட்டு காஞ்ச புல்லு அடுக்குறதுக்கும் குளிர் காலத்துல மாட்டு சூடு வெளிய போகாம இருக்கறதுக்கும் அப்படி தாழ்வா கட்டிருப்பாங்க. தோள்பட்டை உயரமே 5 அடி இருக்கற குதிரை தலைய நல்லா தூக்குனா 8 அடிய தொட்டுடும், முன்னங்கால தூக்கி எழும்புனா கேக்கவே வேணாம். காதுக்கு நடுவுல உச்சந்தலை உத்தரத்துல இடிச்சா காயத்தோட போகாது, மண்டை ஓடே ஒடையலாம். 10 அடியாவது வேணும், 12 இருந்தா நிம்மதி. தரைய தோண்டி எறக்கிட்டா உயரம் கெடைச்சிடும்னு சிலர் ஆரம்பிக்கறாங்க, அஸ்திவாரம் எவ்ளோ ஆழத்துல நிக்குதுன்னு பாக்காம சுவரு ஓரமா தோண்டுனா சுவரே எறங்கிடும், அதோட உள்தரை வெளிய விட தாழ்வாயிட்டா மழைத்தண்ணி மொத்தமும் உள்ளதான் வந்து நிக்கும்.

அடுத்தது தரை, இதுலதான் வேலை ஜாஸ்தி. மாட்ட வரிசையா கட்டுற கொட்டகையில ஒரு மாட்டுக்கு அகலம் சுமாரா 4 அடி, குதிரைக்கு ஒரு அறை 12க்கு 12 அடி, அதனால மூணு மாட்டு எடத்த சேத்தா ஒரு குதிரைக்கு அகலம் சரியா வந்துடும், பாக்க அழகா கணக்கு ஒத்து வருது. ஆனா நீளவாக்குல மாடு நிக்கற மேடை 5, 6 அடிதான், அதுக்கு பின்னாடி சாணி வாய்க்கால் ஓடுது. 12 அடி எடுக்கப் போனா அந்த வாய்க்கால் குதிரை அறைக்கு நட்ட நடுவுல வந்து நிக்கும். மேல பலகை போட்டு மூடிக்கலாம்னு மட்டும் நெனைக்காதீங்க, 450 கிலோ எடை ஒரே குளம்புல எறங்குறப்ப பலகை ஒரு நாள் ஒடையும், கால் உள்ள போனா அப்பறம் டாக்டர வர சொல்றதுல அர்த்தம் இல்ல. வாய்க்கால்ல ஜல்லி கொட்டி தண்ணி விட்டு நல்லா இடிச்சு கெட்டிப்படுத்தி மேடையோட மட்டத்துக்கு கொண்டு வரணும். கான்கிரீட் தரைய ஒடைச்சு எடுத்தே ஆகணும்னு இல்ல, ஆனா வெறும் கான்கிரீட்ல குதிரைய நிக்க வெச்சா மூட்டு போயிடும், லாடம் வழுக்கும். மேல கனமான ரப்பர் மேட்டும் அதுக்கு மேல மரச்சீவல் படுக்கையும் வேணும். மரச்சீவல் வாங்கறப்ப கருப்பு வால்நட் மரம் கலக்காம இருக்கான்னு கேட்டு வாங்குங்க, அது படுக்கையில கலந்தாலே கால் வீங்கி, குளம்புக்குள்ள அழற்சி வந்து நொண்ட ஆரம்பிச்சிடும்.

மாட்ட கட்டுன பைப்பு, கழுத்துக் கம்பி எல்லாத்தையும் அறுத்து எடுக்கறாங்க, ஆனா தரைக்கு மேல ஒரு இஞ்ச் குச்சியா நீட்டிக்கிட்டு விட்டுடறாங்க, அதுதான் குளம்ப கிழிக்கறது. தரைக்கு கீழ போற மாதிரி வெட்டி சிமெண்ட் பூசணும். தடுப்புக்கு அதே பழைய பைப்ப படுக்கவாட்டுல போட்டுக்கறதும் ஆகாது, குதிரை படுத்து பொரளும், சுவரோரமா பொரண்டு கால் மாட்டிக்கிட்டா தன்னால எந்திரிக்க முடியாம பதறி ஒதைச்சே காயமாக்கிக்கும். கீழ் பாதி முழுசா 2 இஞ்ச் கனமுள்ள பலகை, மேல கம்பி, கம்பிக்கு நடுவுல குளம்பு நுழையாத இடைவெளி. தகரத்த மட்டும் அடிச்சு விட்டீங்கன்னா ஒரே ஒதையில கால் வெளிய வந்துடும், தகர ஓரம் கத்திதான்.

காத்தோட்டம் பத்தி கட்டுரையில ஒரு வரிதான் இருந்துச்சு. மூத்திரத்துல இருந்து வர அமோனியா தரையோரமாத்தான் அதிகமா இருக்கும், நம்ம மூக்குக்கு நெடி வர்றதுக்கு முன்னாடியே படுத்திருக்கற குதிரை அத சுவாசிச்சுக்கிட்டு இருக்கும். குதிரைக்கு வாயால மூச்சு விடவும் வராது, எல்லாம் மூக்கு வழியாத்தான். பரண்ல இருந்து எறங்குற தூசியும் சேந்தா நாளடைவுல இழுப்பு வந்துடும். குளிருதேன்னு ஜன்னல சாத்தாதீங்க, குதிரை குளிர தாங்கும்.

பரண்ல புல்ல வெக்காதீங்கன்னு சொல்றதுக்கு நெருப்பும் ஒரு காரணம். பல வருஷ ஈரத்துலயும் அமோனியாவுலயும் அரிச்சுப் போன ஒயரு, அதுல எலி கடிச்சது வேற, மேல காஞ்ச புல்லு, கீழ கதவு சாத்துன அறையில குதிரை. பத்திக்கிட்டா அதுங்க தன்னால வெளிய ஓடி வராது, வெளிய இழுத்துட்டு வந்தாலும் திரும்ப உள்ளயே ஓடும். அதனால ஒயரிங்க முழுசா மாத்துங்க, குழாய்க்குள்ள விடுங்க, பல்புக்கு கூண்டு போடுங்க, புல்லுக்கு தனி கொட்டகை.

என் அபிப்பிராயம் கேட்டா, உயரம் 10 அடிக்கு கம்மின்னா அங்க குதிரைய கட்டவே வேணாம். பால் கறந்து வெச்ச ரூம்ல தண்ணி, வடிகால், கழுவுற சுவரு எல்லாம் இருக்கும், சேணம் கடிவாளம் வெக்கறதுக்கு அத விட நல்ல எடம் கெடையாது, மீதிய புல்லுக்கு விட்டுட்டு பக்கத்துல புதுசா உயரமா லாயம் போட்டுக்கலாம். செலவு பெருசா ஏறாது, தோண்டுறதுக்கும் ஒடைக்கறதுக்கும் ஆகுற கூலி மிச்சம்.

கட்டுரையில சுத்தமா விட்டுப் போனது பழைய தீவனம். மாட்டுத் தீவனத்துல மோனென்சின்னு ஒரு மருந்து கலக்கறது உண்டு, அளவா கலந்தா மாட்டுக்கு ஒண்ணும் ஆகாது, குதிரைக்கு விஷம். உடல் எடையில கிலோவுக்கு 2, 3 மில்லிகிராமே சாகடிக்கற அளவு, அதாவது முழு வளர்ந்த குதிரைக்கு ஒரு கிராம் சொச்சம் போதும். இதயத் தசைய கெடுக்கும், மாத்து மருந்து கெடையாது. பழைய தொட்டி, தீவன டப்பா, மூலையில படிஞ்ச தூளு, பாதி மூட்டை எல்லாத்தையும் சொரண்டி கழுவி எடுக்காம அதுல குதிரைக்கு ஓட்ஸ் போடாதீங்க. ஊறல் புல்லு, அதாவது காத்து புகாம மூடி புளிக்க வெச்ச பச்சைத் தீவனம், மிச்சம் கெடந்தாலும் அப்படித்தான், கெட்டுப் போனதுல போட்டுலிசம்னு நரம்ப முடக்குற நஞ்சு உருவாகும், மாட்ட விட குதிரைக்கு அது சீக்கிரம் ஏறும். பழைய பெயிண்ட்ல ஈயம் இருக்கலாம், குதிரை மரத்த கொறிக்கும், அதையும் சொரண்டிடுங்க.

எடம் பத்தலன்னா இந்த லெட்டர்ல எத வேணா வெட்டிக்கோங்க ஐயா, மோனென்சின் பத்தி எழுதுனத மட்டும் போட்டுடுங்க, கட்டுரைய படிச்சவங்க யாராவது இந்நேரம் பழைய தொட்டிய அப்படியே வெச்சுக்கலாம்னு முடிவு பண்ணிருக்கலாம்.

இப்படிக்கு,
லாய வேலை செய்யற ஒரு வாசகன்