பர்ஸ்லெம்மிலிருந்து அம்மாவுக்கு

பர்ஸ்லெம்
இங்கிலாந்து
28.12.2025 (மார்கழி 13)

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். நீ, அப்பா, அக்கா, குட்டிப்பயல் எல்லோரும் நலமா? அத்தை மகன் கொண்டுவந்த பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் பத்திரமாகக் கிடைத்தன. டப்பாவுக்கு அடியில் உன் கடிதத்தைப் பார்த்ததும் பயந்துவிட்டேன். போன் எப்போதும் தம்பி கையிலேயே இருப்பதால் அக்காவை எழுதச் சொல்லியிருக்கிறாய், சரி. அது வந்து ஐந்து வாரம் ஆகிவிட்டது. பதில் போடாதது என் தப்புத்தான். தம்பி விஷயத்துக்குக் கடைசியில் வருகிறேன்.

குளிர் ஒன்றும் பெரிதில்லை. ஹீட்டரை நான் அதிகம் போடுவதில்லை, அந்த வெக்கை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மானாமதுரை வெயிலில் வளர்ந்தவனா இப்படிச் சொல்கிறான் என்று அக்கா சிரிப்பாள். இரண்டு ஸ்வெட்டர் போட்டு, நீ கொடுத்த ஜமுக்காளத்தை மேலே சுற்றிக்கொண்டால் போதும்.

தூங்கத்தான் சிரமமாக இருந்தது. நைட் டூட்டி முடிந்து 9 மணிக்குப் படுத்தால் 11 மணிக்குச் சுவர் அதிரும். அடுப்பில் இருக்கும் சட்டியின் மூடி கடகடவென்று ஆடும். திருவிழாவில் ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றால் நெஞ்சுக்குள் இடிக்குமே, அதே சத்தம். ஒருநாள் பொறுக்கமுடியாமல் போய்ப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டினேன். வெள்ளைத் தாடி, கறுப்பு பனியன், கழுத்தில் பேஸ் கிட்டாரோடு பெரியவர் ஒருவர் வந்து நின்றார். பீங்கான் தொழிற்சாலையில் கோப்பைகளுக்குக் கைப்பிடி ஒட்டிக்கொண்டிருந்தவராம். என் அப்பாவும் மண் மிதிக்கிறவர்தான் என்றேன். சண்டை போடப் போனவனை உட்காரவைத்து ஓட்கேக் கொடுத்தார்.

ஓட்கேக் வேறொன்றும் இல்லை அம்மா, தோசைதான். ஓட்ஸ் மாவைப் புளிக்கவைத்துக் கல்லில் வார்க்கிறார்கள். அவர்கள் உள்ளே சீஸும் பன்றிக்கறியும் வைத்து மடிக்கிறார்கள், நான் உன் பொடியைத் தூவிக்கொள்கிறேன். அவருக்கும் கொடுத்தேன். கண்ணிலும் மூக்கிலும் நீர் வழிய, அருமை என்றார்.

அவருக்குச் சாமி மாதிரி ஒருத்தர் உண்டு. லெம்மி என்று பெயர், ராக் பாட்டுக்காரர். 1945இல் கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இதே பர்ஸ்லெம்மில் பிறந்தவர். மூன்று மாதக் கைக்குழந்தையாக இருந்தபோதே அப்பன்காரன் விட்டுவிட்டுப் போய்விட்டான். பெரியவனானதும் ஜிமி ஹென்ட்ரிக்ஸ் என்ற பெரிய கிட்டார்காரரின் குழுவுக்குச் சாமான் தூக்கினார். மலேசியாவில் பிறந்த சாம் கோபால் என்ற தபலாக்காரரின் குழுவில் பாடினார். (தபலா என்றதும் அப்பா நிமிர்ந்து உட்காருவார்.) 1971இல் லண்டனில் ஹாக்விண்ட் என்ற குழுவில் சேர்ந்தார். ராக்கெட் பறக்கிற மாதிரி இரைச்சலும் சுழல்கிற வெளிச்சமுமாக, ஒரே பாட்டைக் கால் மணி நேரம் இழுப்பார்களாம். விண்வெளி ராக் என்று அதற்குப் பெயர்.

வேடிக்கை என்னவென்றால் அதுவரை அவர் பேஸ் வாசித்ததே இல்லை, சாதாரண கிட்டார்தான். பேஸ் என்றால் அடியில் ஒவ்வொரு கம்பியாகத் தட்டி மற்றவர்களைத் தாங்கிக்கொண்டிருக்க வேண்டும். இவர் பழக்கதோஷத்தில் இரண்டு மூன்று கம்பிகளைச் சேர்த்து வாரி அடித்தார். அதுவே அவர் பாணி ஆகிவிட்டது. அந்தப் பாணியைத்தான் பக்கத்து வீட்டுக்காரர் ஐம்பது வருஷமாக என் சுவர் வழியாகப் பழகுகிறார், இன்னும் வந்தபாடில்லை. 1972இல் ஒரு பாட்டுக்கு முதலில் பாடியவர் குரலை எடுத்துவிட்டு இவரைப் பாடவைத்தார்கள். அது இந்த நாட்டுப் பாட்டு விற்பனைப் பட்டியலில் மூன்றாம் இடம் வரை ஏறியது.

1975இல் கனடா எல்லையில் போதைப்பொடியோடு பிடிபட்டார். வழக்கு நிற்கவில்லை. ஆனாலும் குழுவிலிருந்து நீக்கிவிட்டார்கள். அந்த வருஷமே சொந்தக் குழு தொடங்கினார். ஹாக்விண்டுக்காகக் கடைசியாக எழுதிய பாட்டின் பெயரையே அதற்கு வைத்தார், மோட்டார்ஹெட். சாகும்வரை நாற்பது வருஷம் அதுதான். செத்து இன்றோடு பத்து வருஷம். இந்த மே மாதம் ஊர் நடுவில் அவருக்குச் சிலை வைத்தார்கள், அஸ்தியில் கொஞ்சம் அதற்குள் இருக்கிறது. ராமேஸ்வரத்தில் கரைக்காமல் சிலைக்குள்ளா என்று நீ கேட்பாய்.

காலையில் பெரியவரோடு அங்கே போய்விட்டு வந்தேன். வரும் வழியில் பாட்டில் மாதிரி கழுத்து நீண்ட பழைய சூளை ஒன்று உண்டு. அணைந்து பல காலம் ஆயிற்று. தினம் பார்க்கிறதுதான். இன்று அதன் பக்கத்தில் நின்றுவிட்டேன். இந்நேரம் அங்கே பொங்கல் பானை அடுக்கியிருப்பீர்கள், வைக்கோல் போட்டு மண் பூசி அப்பா தீ வைத்திருப்பார். அந்தப் புகை என் சட்டையில் இருக்கும் என்று பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டார்கள், ஞாபகமிருக்கிறதா? உன்னிடம் வந்து அழுதிருக்கிறேன். என்ன நடந்தது என்று பெரியவர் கேட்டார். காற்றில் கண் எரிகிறது என்று சொல்லிவிட்டேன்.

சரி, தம்பி விஷயம். டிப்ளமோவை விட்டுவிட்டு ஆர்கெஸ்ட்ராவுக்குப் போனான், இப்போது அங்கேயும் வெளியே அனுப்பிவிட்டார்கள், புத்தி சொல் என்று எழுதியிருக்கிறாய். அவன் லெம்மி இல்லை, தெரியும். ஆனால் அவன் எந்த எல்லையிலும் பிடிபடவில்லை அம்மா, ஒத்திகைக்கு லேட்டாகப் போனான், அவ்வளவுதான். கீபோர்டை விற்றுவிடாதே. பாக்கிப் பேப்பர்களை ஏப்ரலில் எழுதட்டும், பணம் நான் கட்டுகிறேன். பிப்ரவரியில் அனுப்பினால் போதுமா என்று கேட்டுச் சொல். இந்த மாதம் டூட்டி கொஞ்சம் குறைவு, விடுமுறைக் காலமல்லவா.

அதனால் இந்த மாதச் சீட்டுக்கு மட்டும் சின்ன மாமாவிடம் கேட்டுப் பார். நான் கேட்கச் சொன்னதாகச் சொல்ல வேண்டாம். அக்கா வளையலைத் தொடாதே. அப்பாவைத் தனியாகச் சூளை பிரிக்க விடாதே, போன வருஷம் கை சுட்டுக்கொண்டார். தம்பி சும்மாதானே இருக்கிறான், கூட நிற்கச் சொல். எனக்கென்று ஒரு சின்னப் பானை எடுத்து வை.

அன்புள்ள மகன்

அக்கா, இதை அவன் வெளியே போனபிறகு படித்துக் காட்டு.