அரையாண்டு முடிந்தது, வீட்டு போன் பற்றியும் கொஞ்சம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். அரையாண்டுத் தேர்வு நல்லபடியாக முடிந்தது. பிள்ளைகள் பொதுவாக நன்றாகவே எழுதியிருக்கிறார்கள். கலைத்திருவிழாவிலும் விளையாட்டுப் போட்டிகளிலும் பரிசு பெற்றவர்களுக்கும், கலந்துகொண்ட எல்லோருக்கும் பாராட்டுகள். குடிநீர்த் தொட்டி சுத்தம் செய்யப்பட்டுவிட்டது. பத்தாம் வகுப்பு மாலை நேர வகுப்புகள் பொங்கல் விடுமுறைக்குப் பிறகு தொடரும். மதிப்பெண் பட்டியலைப் பள்ளிக்கு வந்து பார்த்துக் கையெழுத்திட வேண்டுகிறேன்.

அப்புறம் இன்னொரு விஷயம். சில வாரங்களாகப் பெற்றோர் பலர் ஒரே புகாரோடு வருகிறார்கள். போனில் நேரங்காலம் இல்லாமல் அறிவிப்புகள் வந்து விழுகின்றன. 'உங்கள் போனில் வைரஸ்', 'பேட்டரி பழுதாகிறது', 'பரிசு விழுந்திருக்கிறது' என்று ஒவ்வொன்றும் ஒரு தினுசு. சிலவற்றில் பிள்ளைகள் பார்க்கக்கூடாத படங்களும் வருகின்றன. 'பள்ளியில் அனுப்பிய வீட்டுப்பாடத்தால்தான் வைரஸ் வந்தது' என்று ஒரு வகுப்புக் குழுவில் எழுதி, வகுப்பாசிரியரைக் கேள்வி கேட்டிருக்கிறார்கள். யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. வேலை முடிந்து வந்து போனை எடுத்தால் இப்படி இருந்தால் யாருக்கும் எரிச்சல் வரத்தான் செய்யும்.

ஆனால் இந்த அறிவிப்புகள் பெரும்பாலும் வைரஸ் அல்ல. நடப்பது இதுதான். பிள்ளை மாதிரி வினாத்தாளோ விடைக்குறிப்போ தேடி ஏதோ ஒரு தளத்துக்குப் போகிறது. அங்கே 'டவுன்லோடு' என்ற பெயரில் நாலைந்து பொத்தான்கள் இருக்கும். அவற்றில் உண்மையானது ஒன்று இருந்தாலே பெரிய விஷயம். தவறானதைத் தொட்டால் வேறொரு பக்கம் திறக்கும். 'நீங்கள் ரோபோ இல்லை என்று நிரூபிக்க அலோ (Allow, அதாவது அனுமதி) அழுத்துங்கள்' என்றோ, 'வீடியோ ஓட அலோ அழுத்துங்கள்' என்றோ அது கேட்கும். பிள்ளையும் அழுத்திவிடும். அந்த ஒரு அழுத்தலுக்கும் ரோபோவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. 'இந்தத் தளம் எனக்கு எப்போது வேண்டுமானாலும் அறிவிப்பு அனுப்பலாம்' என்று கொடுத்த அனுமதி அது. அதன் பிறகு அந்தத் தளத்தை மூடினாலும், இணையம் பார்க்கும் குரோம் ஆப்பையே மூடினாலும் அறிவிப்பு வரும்.

இந்த வசதி 2015இல் குரோமில் வந்தது. செய்தித் தளங்கள் முக்கியச் செய்தியை உடனே தெரிவிப்பது போன்ற நல்ல காரியங்களுக்காக வந்ததுதான். இன்று அதை வைத்து விளம்பரக்காரர்கள் பிழைக்கிறார்கள். அலோ அழுத்துகிறவர்கள் பெருகப் பெருக அவர்களுக்கு வருமானம் பெருகும். வரும் விளம்பரங்களில் சூதாட்டத் தளங்களும் உண்டு. இணையவழிச் சூதாட்டத்தைத் தடை செய்யும் சட்டம் தமிழ்நாட்டில் 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்துவிட்டது. எட்டாம் வகுப்புப் பிள்ளையின் கையில் இருக்கும் போனுக்கு அந்த விளம்பரம் வந்து நிற்கிறது என்பதுதான் என் கவலை.

நிறுத்துவது எளிது. ஆண்ட்ராய்டு போனில் குரோமைத் திறந்து, மூலையில் உள்ள மூன்று புள்ளிகளைத் தொடுங்கள். செட்டிங்ஸ், அதில் சைட் செட்டிங்ஸ், அதில் நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போங்கள். போன் தமிழில் இருந்தால் அமைப்புகள், தள அமைப்புகள், அறிவிப்புகள் என்று இருக்கும். நீங்கள் அனுமதித்த தளங்களின் பட்டியல் அங்கே வரும். கேள்விப்பட்டிராத பெயர்கள், எழுத்தும் எண்ணும் கலந்த விநோதப் பெயர்கள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகத் தொட்டு பிளாக் செய்யுங்கள். மேலே இருக்கும் பொதுச் சுவிட்சை அணைத்துவிட்டால் புதிய தளங்கள் இனிக் கேட்காது. அதை மட்டும் அணைத்துவிட்டுப் பட்டியலை அப்படியே விட்டால் பழையவை தொடர்ந்து வரலாம். பலர் இங்கேதான் ஏமாறுகிறார்கள். அதே சைட் செட்டிங்ஸில் பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ் (தானாகத் திறக்கும் பக்கங்கள்) என்று ஒன்று இருக்கும். அதுவும் பிளாக் நிலையில்தான் இருக்கிறதா என்று பாருங்கள்.

அறிவிப்பை விரலால் ஓரம் தள்ளினால் தொல்லை தீர்ந்தது என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். அந்த ஒன்று போகும், அடுத்தது வரும். தள்ளுவதற்கு முன் அதில் எழுதியிருக்கும் தளத்தின் பெயரைப் பார்த்துக்கொண்டால், பட்டியலில் எதை நீக்குவது என்று தெரிந்துவிடும்.

இன்னொரு வகையும் உண்டு. குரோமைத் திறக்காமலேயே, போனைச் சார்ஜில் போட்டாலோ பூட்டைத் திறந்தாலோ திரை முழுக்க விளம்பரம் வந்தால், அது ஏதோ ஒரு ஆப் செய்யும் வேலை. அந்தத் தொல்லை தொடங்கிய நாட்களில் என்ன ஆப் ஏற்றப்பட்டது என்று யோசித்துப் பாருங்கள். டார்ச், போன் கிளீனர், வால்பேப்பர், பிளே ஸ்டோருக்கு வெளியிலிருந்து இறக்கிய விளையாட்டு, இவற்றில் ஒன்றாகவே பெரும்பாலும் இருக்கும். சில ஆப்கள் முகப்புத் திரையில் படத்தைக் காட்டாமல் ஒளிந்துகொள்ளும்; போனின் செட்டிங்ஸில் ஆப்ஸ் என்ற பட்டியலில் தேடினால் அகப்படும். நீக்கிய பிறகு பிளே ஸ்டோரில் பிளே புரொடெக்ட் என்ற பாதுகாப்புச் சோதனையை ஒருமுறை ஓடவிடுங்கள். 'வைரஸை அகற்ற இதை இறக்குங்கள்' என்று அந்த அறிவிப்பே சொல்லும் ஆப்பை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள்.

ஒரு பெற்றோர் பயந்துபோய்க் கடையில் கொடுத்திருக்கிறார். அங்கே போனை மொத்தமாக ரீசெட் செய்து பணமும் வாங்கிக்கொண்டார்கள். வீட்டுப் புகைப்படங்கள் எல்லாம் போய்விட்டன. அனுமதிப் பட்டியலைத் திருத்துவதோடு முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

இப்போது கொஞ்சம் கண்டிப்பாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. தேர்வுக்கு முந்தைய இரவு 'ஒரிஜினல் கேள்வித்தாள்' என்று வகுப்புக் குழுக்களில் வந்து விழுந்த இணைப்புகளைப் பகிர்ந்தவர்கள் மாணவர்கள் அல்ல, பெற்றோர். எங்கள் ஆசிரியர்கள் அவற்றைத் திறந்து பார்த்தார்கள். ஒன்றில்கூடக் கேள்வித்தாள் இல்லை. எல்லாம் மேலே சொன்ன அலோ பக்கத்துக்கே கொண்டுபோய் விட்டன. பிள்ளையின் மேல் உள்ள அக்கறையில் அனுப்பியிருப்பீர்கள், அது புரிகிறது. ஆனால் கேள்வித்தாளை முன்கூட்டியே பார்க்க ஆசைப்படுவது சரியா என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். இனி அப்படிப்பட்ட இணைப்போ, ஆப் கோப்போ வகுப்புக் குழுவில் வந்தால், அட்மின் மட்டும் பதிவிடும்படி அந்தக் குழு மாற்றப்படும். வீட்டுப்பாடம் தவிர வேறு எதையும் அதில் பேச முடியாது. ஆசிரியர்களை இரவு பத்து மணிக்கு மேல் போனில் அழைத்து இது பற்றி வாக்குவாதம் செய்வதையும் ஏற்க முடியாது.

பிள்ளைகள் விஷயத்திலும் ஒன்று. 'நீதான் கண்ட கண்ட இடத்துக்குப் போனாயா' என்று அடித்தால், அடுத்த முறை அது உங்களிடம் சொல்லாது. மோசமான படம் வந்தது என்று ஒரு பிள்ளை தானாக வந்து சொன்னால், அதற்குத் திட்டு விழக்கூடாது. அந்தப் பிள்ளை கேள்வித்தாள் தேடித்தான் போயிருக்கும். போனைப் பிள்ளையிடம் கொடுக்கும்போது ஜிபே, வங்கி ஆப்களுக்குத் தனிப் பூட்டு போட்டுவிடுங்கள். பின் நம்பர் பிள்ளைக்குத் தெரியாமல் இருப்பது நல்லது. இப்படி வந்த அறிவிப்பைத் தொட்டு யாராவது பணத்தை இழந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழையுங்கள். சீக்கிரம் சொன்னால்தான் பணத்தை முடக்கி நிறுத்த வழி உண்டு.

படிப்புக்குத் தேவையானதற்கு எங்கெங்கோ அலைய வேண்டாம். பாடநூல்கள் தமிழ்நாடு பாடநூல் கழகத்தின் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. பாடப்புத்தகத்தில் அச்சிட்டிருக்கும் கியூஆர் குறியீட்டை திக்‌ஷா ஆப்பில் ஸ்கேன் செய்தால் பாடம் சார்ந்த காணொளிகளைப் பார்க்கலாம். பழைய பொதுத்தேர்வு வினாத்தாள்களின் தொகுப்பு நம் பள்ளி நூலகத்திலேயே இருக்கிறது, கேட்டால் கொடுப்பார்கள்.

மேலே சொன்னதைச் செய்து பார்த்தும் சரியாகவில்லை என்றால் கவலை வேண்டாம். பொங்கல் விடுமுறை முடிந்து வரும் முதல் இரண்டு வெள்ளிக்கிழமைகளில், மாலை நான்கு மணி முதல் ஐந்தரை வரை, போனோடு ஹைடெக் லேபுக்கு வாருங்கள். கணினி ஆசிரியரும் பதினொன்றாம் வகுப்பு மாணவர்கள் சிலரும் இருப்பார்கள். போன் உங்கள் கையிலேயே இருக்கும். எதைத் தொட வேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். பாட்டி, தாத்தா போன்களையும் கொண்டு வரலாம், அவற்றில்தான் பட்டியல் நீளமாக இருக்கும் என்று நினைக்கிறேன்.

இவ்வளவு நீளக் கடிதத்தைப் பொறுமையாகப் படித்ததற்கு நன்றி. ஒரே போனை வீடே பகிர்ந்துகொள்ளும் நிலையிலும் பிள்ளையின் வீட்டுப்பாடத்துக்காக அதை விட்டுக்கொடுக்கிறீர்கள். எங்கள் ஆசிரியர்கள் அதை அறிவார்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குத் தவறாமல் வந்தவர்களுக்கும், புகாரை நேரில் வந்து நிதானமாகச் சொன்னவர்களுக்கும் என் தனிப்பட்ட நன்றி. உங்கள் குடும்பத்தார் அனைவருக்கும் பொங்கல் வாழ்த்துகள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்

பி.கு.: ஐபோன் வைத்திருக்கும் சிலருக்குக் காலண்டரில் 'வைரஸ்' என்று நினைவூட்டல்கள் வருவதாகச் சொன்னார்கள். அது வேறு வழி. தெரியாமல் ஒரு காலண்டருக்குச் சந்தாதாரர் ஆகியிருப்பீர்கள். காலண்டர் ஆப்பைத் திறந்து, கீழே உள்ள காலண்டர்ஸ் பட்டியலில் அந்தப் புதிய பெயரைக் கண்டுபிடித்து நீக்கினால் நின்றுவிடும்.