காயலான் கடை பாய்க்கு ஒரு நன்றி மடல்

தண்ணீர் வடிந்துவிட்டது, சுவரில் சேற்றுக்கோடு மட்டும் நிற்கிறது. வேலூர் கன்சால்பேட்டையில் வெள்ளம் புகுந்த அந்த ராத்திரி எப்படிப் போனது என்று உங்களில் பாதிப் பேருக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். அதை விட்டுவிடுகிறேன்.

அம்மாவை நாற்காலியோடு தூக்கிக்கொண்டு போன பையன்கள், பள்ளிக்கூடத்தில் ஜமுக்காளம் விரித்து இடம் கொடுத்தவர்கள், பெயர்கூடச் சொல்லாமல் குஸ்கா பொட்டலம் நீட்டிய ஆட்டோக்காரர்கள், சேற்றை வாரிய தூய்மைப் பணியாளர்கள், மாத்திரைக்காகக் காட்பாடி வரை அலைந்த எதிர்வீட்டு அண்ணி, எல்லோருக்கும் கும்பிடு. நேரில் வந்தும் சொல்வேன்.

ஆனால் இந்த மடல் முக்கியமாகக் காயலான் கடை பாய்க்கு.

நனைந்த புத்தகம், அட்டைப்பெட்டி எல்லாம் மூட்டை மூட்டையாக அவர் கடைக்குத்தான் போயின. அப்புறம் ஒருநாள் சாயங்காலம் வீட்டு வாசலில் டிவிஎஸ்ஸை நிறுத்திவிட்டு, பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஓர் இசைத்தட்டை நீட்டினார். "இது தெரிஞ்சு போட்டதா, தெரியாம வந்ததா?"

அம்மாவின் தட்டு. அமெரிக்க நாட்டுப்புறப் பாடகர்களான பீட்டர், பால் அண்ட் மேரி மூவரும் 1962இல் வெளியிட்ட முதல் ஆல்பம். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்த்த அமெரிக்க நர்ஸ் ஒருவர் ஊருக்குத் திரும்பும்போது கொடுத்தது. நான் பள்ளியில் படிக்கும்போதே வீட்டு பிளேயர் படுத்துவிட்டது. தட்டும் டிரங்குப் பெட்டிக்குள் போனது. அப்படி ஒன்று இருப்பதே எங்களுக்கு மறந்துவிட்டது.

பாய் சின்ன வயதில் குடியாத்தம் பக்கம் மைக் செட் கடையில் இருந்தவராம். கல்யாணம், கூழ் ஊற்றும் திருவிழா என்று தட்டுப் பெட்டி சுமந்த கை. "தண்ணி தட்டை ஒண்ணும் பண்ணாது. சேறுதான் கோட்டுக்குள்ள போய் உட்கார்ந்துக்கும். அதுக்காக வெயில்ல காய வச்சா அப்பளமா நெளிஞ்சிடும்" என்றார். சோப்புத் தண்ணீரில் பஞ்சை நனைத்து, கோடு சுற்றும் போக்கிலேயே துடைத்து, நிழலில் நிற்கவைத்து உலர்த்தியிருக்கிறார். அவர் கடையிலேயே முழங்கால் அளவு தண்ணீர் நின்ற சமயம் அது. காசு கொடுத்தேன். "மூட்டைக்குத்தான் எடை போட்டேன், இது எடையில சேரல" என்று கையை விலக்கிவிட்டார்.

லாங்கு பஜாரில் ரேடியோ ரிப்பேர் செய்யும் ஒருவர் பிளேயர் இரவல் தந்தார். கரகரப்பு இருக்கிறது, ஆனால் மூன்று குரலும் தனித்தனியாகக் கேட்கின்றன. இரண்டாவது பாட்டு 'ஐந்நூறு மைல்'. கையில் காசில்லாமல் ஊர் திரும்ப முடியாதவரின் ரயில் பாட்டு. நாகர்கோவிலிலிருந்து நர்சிங் படிக்க வந்து காட்பாடியில் இறங்கியவர் அம்மா. உங்கள் ஊர் அவ்வளவு தூரமெல்லாம் இல்லை என்று அப்பா கிண்டல் செய்வார். அம்மா இப்போதும் ஒரு வரி பிசகாமல் கூடவே பாடினார். அந்தப் பக்கத்தின் கடைசிப் பாட்டு மழையைப் பற்றியது. அது தொடங்கியதும் "போதும்டா, நிறுத்து" என்று சிரித்துவிட்டார். தண்ணீர் வந்த பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

பீரோவுக்கும் பிரிட்ஜுக்கும் நிவாரணக் கணக்கில் ஏதாவது வரலாம். இதை எந்தப் படிவத்தில் எழுதுவது?

பாய், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டம்மாவோடு சாப்பிட வாருங்கள். இரண்டாம் பக்கத்தை அம்மா இன்னும் போடவிடவில்லை, நீங்கள் வந்த பிறகுதானாம். மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இரவல் பிளேயரில் ஊசி தேய்ந்திருக்கிறது. யார் வீட்டுப் பரணிலாவது நல்ல ஊசி கிடந்தால் சொல்லுங்கள். நீங்களாவது காசு வாங்கிக்கொள்ள வேண்டும்.