அந்த 55வது நகர்த்தலைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள்

சமூக மன்றங்களிலும் பள்ளிகளிலும் சதுரங்க வகுப்பு நடத்தும் பயிற்றுநர்களுக்கும், வார இறுதி தவறாமல் பிள்ளைகளைப் போட்டிக்கு அழைத்துச் செல்லும் சிங்கப்பூர்த் தமிழ்ப் பெற்றோர்களுக்கும் வணக்கம்.

2024 டிசம்பர் 12ஆம் தேதி செந்தோசாவில் இந்தியாவின் குகேஷ் சதுரங்க உலக வெற்றியாளர் ஆனார். அப்புறம் நம் வீடுகளில் சதுரங்கப் பேச்சு கூடிவிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் பிள்ளை இன்னும் இரண்டு ஓபனிங் (ஆட்டத் தொடக்க நகர்த்தல் வரிசை) மனப்பாடம் செய்ய வேண்டும், இன்னொரு துணைப்பாட வகுப்புக்குப் போக வேண்டும், ரேட்டிங் (ஆட்டத் திறனைக் காட்டும் புள்ளி) ஏற வேண்டும் என்பதோடு நின்றுவிடுகிறோம். நம் ஊரிலேயே நடந்த அந்தப் போட்டி சொல்லிக்கொடுத்தது வேறு.

கடைசி ஆட்டமான 14வது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். குகேஷும், அதுவரை உலக வெற்றியாளராக இருந்த சீனாவின் டிங் லிரெனும் ஆளுக்கு 6.5 புள்ளியில் இருந்தார்கள். வெள்ளைக் காய் டிங்குக்கு. டிராவில் முடிந்தால் அடுத்தது விரைவு ஆட்டங்கள். அவற்றில் டிங்கின் கைதான் ஓங்கும் என்று பலரும் எதிர்பார்த்தார்கள். டிங் காய்களை வெட்டிக் குறைத்துக்கொண்டே போனார். ஒரு சிப்பாய் குறைந்தாலும் பரவாயில்லை, டிரா கிடைத்தால் போதும் என்ற ஆட்டம் அது. கடைசியில் ஆளுக்கு ஒரு யானை, ஒரு மந்திரி. குகேஷிடம் 2 சிப்பாய், டிங்கிடம் 1. சரியாக ஆடினால் டிராதான். குகேஷ் கை குலுக்கிவிட்டு எழுந்திருக்கலாம். அவர் எழவில்லை, அவசரமில்லாமல், அபாயமில்லாமல், நகர்த்திக்கொண்டே இருந்தார். 55வது நகர்த்தலில் டிங் யானையை எஃப்2 கட்டத்தில் வைத்தார். யானைகள் வெட்டுப்பட்டன. மூலையில் நின்ற டிங்கின் மந்திரிக்குத் தப்ப வழியில்லை, குகேஷின் மந்திரியோடு அதுவும் வெட்டுப்பட்டது. மிஞ்சிய ராஜா, சிப்பாய் ஆட்டத்தில் டிங்குக்குத் தோல்வி உறுதி. 58வது நகர்த்தலோடு எல்லாம் முடிந்தது.

இதைக் கவனப்பிசகு என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறோம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்தத் தவறான நகர்த்தலும் யானையை வெட்டிக்கொள்ளலாம் என்ற அழைப்புதானே? ஆரம்பத்திலிருந்தே பாதுகாப்பைத் தேடிய மனம், இன்னும் ஒரு காயைக் குறைத்துவிட்டால் நிம்மதி என்று நினைத்திருக்க வேண்டும். எதிரே இருந்தவரோ 6வது ஆட்டத்தில், தன் நிலை சற்றுப் பலவீனமாக இருந்தபோதும், நகர்த்தல்களைத் திரும்பத் திரும்ப ஆடி டிரா எடுக்க மறுத்தவர். ஆட்டப் பாணி என்று நாம் சொல்வது பாதி மன இயல்புதான்.

டிங்கைப் பற்றியும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். 2023இல் பட்டம் வென்ற பிறகு மனச்சோர்வில் தவித்ததை அவர் மறைக்கவில்லை. 11வது ஆட்டத்தில் ராணியைத் தவறான இடத்தில் வைத்துத் தோற்றவர், அடுத்த ஆட்டத்திலேயே அந்தப் போட்டியின் மிகச் சிறந்த ஆட்டங்களில் ஒன்றை ஆடி வென்றார். தோற்ற மறுநாள் அப்படி ஆடுவதற்கு எவ்வளவு மனத்திடம் வேண்டும்!

குகேஷின் பயிற்றுநர் விஷ்ணு பிரசன்னா, ரேட்டிங் 2500ஐ நெருங்கும்வரை அவரைச் சிறந்த நகர்த்தலைக் காட்டிவிடும் கணினி எஞ்சின் பக்கமே விடவில்லை. விடை தெரியாத நிலையில் தானே யோசித்துப் பழகிய பையன் அவர். உலகப் போட்டிக்குத் தயாரானபோது, 2011இல் உலகக் கிண்ணம் வென்ற இந்தியக் கிரிக்கெட் அணியோடு இருந்த மனப்பயிற்சியாளர் பேடி அப்டனும் துணைக்கு இருந்தார். உச்சத்தில் ஆடுபவர்களே மனத்துக்கென்று ஆள் வைத்துக்கொள்கிறார்கள். நம் தொடக்கநிலை 3 பிள்ளைக்கு நாம் என்ன வைத்திருக்கிறோம்?

பிள்ளைகள் போட்டி நடக்கும் கூடங்களின் வாசலில் நான் பார்ப்பதைச் சொல்கிறேன். தோற்று வெளியே வரும் பிள்ளையிடம் முதல் கேள்வியே "ஏன் தோத்தே?" என்பதுதான். அடுத்த சுற்றுக்கு அரை மணி நேரம்கூட இருக்காது. அந்தப் பிள்ளை பயத்தோடுதான் மறுபடி உட்காரும், முதல் வாய்ப்பிலேயே டிரா கேட்கும். பெற்றோர்களே, தண்ணீர் கொடுங்கள், சாப்பிடவிடுங்கள். ஆட்டத்தைப் பற்றி வீட்டுக்குப் போய்ப் பேசலாம்.

பயிற்றுநர்களிடம் கேட்பது கொஞ்சம் கூடுதல். வகுப்பில் பாதி நேரத்தையாவது காய்கள் குறைந்த கடைசிக் கட்ட ஆட்டத்துக்குக் கொடுங்கள். டிரா என்று தோன்றும் நிலையை வைத்து, ஒரு பக்கம் வெல்லப் பார்க்கட்டும், மறு பக்கம் காக்கட்டும். அப்புறம் பக்கம் மாறட்டும். முடிந்ததும் இருவரும் எஞ்சினைத் திறக்காமல் சேர்ந்து பேசட்டும். எல்லாப் பிள்ளைக்கும் ஒரே பாணியைத் திணிக்காதீர்கள். காய்களைத் தியாகம் செய்து தாக்கிய மிகைல் தாலும் உலக வெற்றியாளர்தான், எதிராளியின் திட்டத்தை முன்கூட்டியே முடக்கிய பெட்ரோசியனும் உலக வெற்றியாளர்தான். அமைதியான பிள்ளையைத் "துணிச்சலாக அடி" என்று விரட்ட வேண்டாம்.

ஜூன் பள்ளி விடுமுறையில் ஏதாவது ஒரு சமூக மன்றம் இப்படி ஒரு வகுப்பைச் சோதித்துப் பார்க்கட்டும். ரேட்டிங், பரிசு எதுவும் வேண்டாம். இடம் கிடைத்தால் பலகைகளைக் கொண்டுவரவும் பெற்றோர்களோடு உட்கார்ந்து பேசவும் நான் தயார்.

அன்புடன்,
சதுரங்கம் ஆடும் பிள்ளைகளின் பெற்றோர்களில் ஒருவர்